எழுத உட்கார்ந்தாலே வலிக்கிறது. இதை எப்படிக் குறைப்பது?

#1 | வெற்றுத்தாள்

வணக்கம். இத்தனை நாள் இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் கட்டுரைகள் எழுதுகிறேன். மாதத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஆயிரம் சொல்லுக்குள். விஷயம் எனக்குத் தெரியும். யாராவது வாய்விட்டுக் கேட்டால் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் முதல் பத்திக்கே மூன்று மணி நேரம் போய்விடுகிறது. ஒரு வாக்கியம் எழுதுவேன். படிப்பேன். பிடிக்காது, அழிப்பேன். வேறு மாதிரி எழுதுவேன், ஒரு சொல்லை மாற்றுவேன், கடைசியில் முதலில் வைத்த சொல்லையே திரும்ப வைப்பேன். கெடுவுக்கு முந்தைய இரவு எப்படியோ முட்டிமோதி முடித்து அனுப்பிவிடுகிறேன். அனுப்பிய பிறகாவது நிம்மதி வரவேண்டும் அல்லவா? வருவதில்லை. அடுத்த கட்டுரையை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

வீட்டில் இதைச் சோம்பல் என்கிறார்கள். சோம்பல் உள்ளவரால் மூன்று மணி நேரம் ஒரே பத்தியோடு மல்லுக்கட்ட முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நன்றாக எழுதுவது எப்படி என்று கேட்கவில்லை. படிக்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். இவ்வளவு வேதனைப்படாமல் எழுத வழி உண்டா?

#2 | நிழல்மரம்

எனக்கு உதவியது கடிகாரம். 25 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட ஓய்வு. பொமோடோரோ முறை என்பார்கள். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் ஒட்டாமல், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை முடுக்கி வைத்துக்கொண்டு படித்ததில் தொடங்கியது. இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி.

"கட்டுரையை முடிக்க வேண்டும்" என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். "25 நிமிடம் உட்கார வேண்டும்" என்றால் யாராலும் முடியும். முயன்று பாருங்கள்.

#3 | இரவுப்பணி

கடிகாரம் எல்லோருக்கும் ஒத்துவராது, நிழல்மரம். நேரம் ஓடுவது கண்ணில் பட்டால் எனக்குக் கை உறைந்துவிடும். அதோடு வெற்றுத்தாள் ஏற்கெனவே மூன்று மணி நேரம் உட்காருகிறார். உட்கார முடியாதவருக்குக் கடிகாரம் நல்ல மருந்து. உட்கார்ந்தும் நகர முடியாதவருக்கு வேறு ஏதோ வேண்டும்.

#4 | சிவப்பு மை

இரவுப்பணி சொன்னது சரி. எல்லாவற்றையும் எழுத்து வலி என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, வலிக்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. தொடங்கவே முடியாதவர் உண்டு. தொடங்கிவிட்டு நடுவில் திசை தெரியாமல் நிற்பவர் உண்டு. முடித்ததைக் கையைவிட்டு அனுப்ப மனம் வராதவரும் உண்டு. மற்றவர்கள் எழுதியதைச் செப்பனிடுவதுதான் என் வேலை, இருபது ஆண்டுக்கு மேலாகிறது. இம்மூன்றையும் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

வெற்றுத்தாள், இப்போது எந்தக் கட்டுரையில் நிற்கிறீர்கள்? நீங்கள் எழுதி வைத்திருக்கும் முதல் வாக்கியத்தை அப்படியே இங்கே போடுங்கள். திருத்த வேண்டாம்.

#5 | வெற்றுத்தாள்

ஏரிகள் ஏன் மேலிருந்து உறைகின்றன என்பதுதான் தலைப்பு. இன்று காலையிலிருந்து இருப்பது இது:

"நீர் என்பது இயற்கை மனிதகுலத்துக்கு அளித்த ஈடு இணையற்ற கொடைகளுள் ஒன்றாகும்."

இதில் "மனிதகுலத்துக்கு" என்பதை "உயிர்க்குலத்துக்கு" என்று மாற்றினேன். அப்புறம் "கொடைகளுள்" நல்லதா "கொடைகளில்" நல்லதா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். இரண்டாவது வாக்கியம் இன்னும் வரவில்லை.

#6 | சிவப்பு மை

அந்த வாக்கியத்தில் ஏரி இல்லை, பனிக்கட்டி இல்லை, நீங்களும் இல்லை. இரண்டாவது வாக்கியம் வராததற்குக் காரணம் உங்களிடம் இல்லை, அந்த முதல் வாக்கியத்திடம் இருக்கிறது. அதற்குப் போக இடமே இல்லை.

ஒரு வேலை செய்யுங்கள். கட்டுரையை மறந்துவிடுங்கள். எனக்கு அறிவியல் தெரியாது. நான் எதிரில் உட்கார்ந்து, "ஏரி ஏன் மேலே உறைகிறது, அடியில் ஏன் உறைவதில்லை?" என்று கேட்கிறேன். வாயால் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே, பேச்சுத் தமிழிலேயே இங்கே தட்டிவிடுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். அழிக்கும் விசைப் பக்கம் விரலே போகக்கூடாது.

#7 | வெற்றுத்தாள்

சரி, முயல்கிறேன்.

"எந்தப் பொருளும் குளிரக் குளிர சுருங்கும், கனமாகும். தண்ணியும் அப்படித்தான், ஆனா நாலு டிகிரி வரைக்கும்தான். அதுக்குக் கீழ போனா திரும்ப விரிய ஆரம்பிச்சுடும். இப்ப ஏரிக்கு மேல காத்து குளிருதுன்னு வச்சுக்கோங்க. மேல் தண்ணி குளிர்ந்து கனமாகி கீழ இறங்குது, கீழ இருந்த தண்ணி மேல வருது. இப்படி மாறி மாறி மொத்த ஏரியும் நாலு டிகிரிக்கு வந்துடும். அதுக்கப்புறம் மேல் தண்ணி இன்னும் குளிர்ந்தா அது விரிஞ்சு லேசாயிடும், கீழ இறங்காது, மேலயே நின்னுடும். அதனால உறையறது மேலதான். பனிக்கட்டியா மாறும்போது இன்னும் ஒம்போது சதவீதம் மாதிரி விரியும், அதான் மிதக்குது. அது போர்வை மாதிரி மூடிக்கும். அடியில மீன் பாட்டுக்கு நீந்திக்கிட்டு இருக்கும்."

இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

#8 | சிவப்பு மை

இதுதான் உங்கள் கட்டுரை. கிட்டத்தட்ட முழுசாகவே இருக்கிறது.

காலையிலிருந்து வராதது ஐந்து நிமிடத்தில் எப்படி வந்தது என்று பாருங்கள். உங்கள் அறிவு அதற்குள் கூடிவிடவில்லை. வேலை குறைந்தது. எழுதும்போது நம் தலை மூன்று வேலை பார்க்கிறது. என்ன சொல்வது என்று யோசிக்கிறது, யோசித்ததைச் சொல்லாக்குகிறது, சொன்னது சரியா என்று சோதிக்கிறது. 1981-இல் லிண்டா பிளவர், ஜான் ஹேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், எழுதுபவர்களை மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதவைத்துக் கேட்டதிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பிரித்துக் காட்டியதும் இந்த மூன்றைத்தான். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும் என்றும் சொன்னார்கள். புகுவது இயல்புதான். ஆனால் சோதிப்பவர் சொல்லுக்குச் சொல் குறுக்கே வந்து நின்றால் யோசிப்பவரும் எழுதுபவரும் என்ன செய்ய முடியும்? உங்கள் முதல் வாக்கியத்தில் நடந்தது அதுதான். யோசிப்பவர் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் சோதிப்பவர் "கொடைகளுள்", "கொடைகளில்" என்று வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்.

தமிழில் எழுதுகிற நமக்கு நாலாவது வேலை ஒன்றும் இருக்கிறது. நாம் யோசிப்பது பேச்சுத் தமிழில். எழுத வேண்டியது எழுத்துத் தமிழில். "வச்சுக்கோங்க" என்று மனதில் ஓடுவதை "வைத்துக்கொள்ளுங்கள்" என்று மாற்றிக்கொண்டே வர வேண்டும். சின்ன வயதிலிருந்து பழகியதால் அது ஒரு வேலை என்றே தோன்றுவதில்லை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் அதுவும் கொஞ்சம் சக்தியை வாங்கிக்கொள்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. எழுத்துத் தமிழ் என்று நினைத்ததுமே மேடைத் தமிழ் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். "ஈடு இணையற்ற" அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது நீங்கள் பேசியதன் முதல் மூன்று வரியை மட்டும் மாற்றிக் காட்டுகிறேன்:

"பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் அப்படித்தான், ஆனால் 4 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். அதற்குக் கீழே போனால் திரும்ப விரியத் தொடங்கிவிடும்."

என்ன மாறியிருக்கிறது? பெரும்பாலும் சொல்லின் வால்கள். "கனமாகும்" என்பதை எடுத்துவிட்டேன், ஏனென்றால் எடை மாறுவதில்லை, அடர்த்திதான் கூடுகிறது. அதைப் பின்னால் ஒரு வரியில் விளக்கிக்கொள்ளலாம். "எந்தப் பொருளும்" என்பது தவறு, தண்ணீரே அதற்கு விலக்கு என்பதால் "பெரும்பாலான" ஆயிற்று. இவை சோதிப்பவர் செய்ய வேண்டிய வேலைகள். நல்ல வேலைகள். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கான நேரம் இதுதான், அவ்வளவே.

கடைசியாக ஒன்று. மைக் ரோஸ் என்பவர் 1980-இல் பத்துக் கல்லூரி மாணவர்களிடம் பேசிப் பார்த்தார். ஐந்து பேர் எழுத முடியாமல் திண்டாடுகிறவர்கள், ஐந்து பேருக்கு அந்தத் தொல்லை இல்லை. திண்டாடியவர்களிடம் திறமைக் குறைவு இல்லை. அவர்களிடம் இருந்தவை இறுக்கமான விதிகள். ஒருவருக்கு, முதல் தடவையிலேயே ஒவ்வொரு வாக்கியமும் பிழையில்லாமல் விழ வேண்டும். இன்னொருவருக்கு, முதல் வரியே வாசகரைப் பிடித்து இழுக்க வேண்டும். எழுதிய மற்ற ஐந்து பேரிடமும் விதிகள் இருந்தன, ஆனால் பயன்படாதபோது அவற்றைத் தள்ளிவைக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெற்றுத்தாள், உங்களிடம் இருக்கும் விதி எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யாரோ ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும்.

#9 | வெற்றுத்தாள்

எழுதிப் பார்த்தேன். "தொடக்கம் கம்பீரமாக இருக்க வேண்டும்." பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் சொல்லிக்கொடுத்தது. முன்னுரைக்குத் தனி மதிப்பெண் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அதற்காகவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

#10 | ஆய்வேடு

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டோடு ஐந்தாவது ஆண்டு. நடுவில் எட்டு மாதம் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. ஒரு இயலை அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து, "இது போதாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எது போதாது என்று இல்லை. அதற்குப் பிறகு என்ன எழுதினாலும் அந்த வரிதான் கண்முன் நின்றது.

என்னை மீட்டது நிறுத்தாமல் எழுதும் பழக்கம். பீட்டர் எல்போ என்ற ஆசிரியர் 1973-இல் வந்த தன் புத்தகத்தில் பரப்பிய முறை. பத்து நிமிடம் கை நிற்கக்கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுத வேண்டும். நான் இன்னும் ஒரு படி போய், திரையின் வெளிச்சத்தை முழுசாகக் குறைத்துவிட்டு எழுதினேன். எழுதியது கண்ணில் படாவிட்டால் திருத்தத் தோன்றாது.

ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இப்படி எழுதினால் குவியல் சேர்ந்துவிடும். எனக்கு ஒரு மாதத்தில் நாற்பது பக்கம் சேர்ந்தது. முன்பு எழுத பயம், இப்போது அந்தக் குவியலைத் திறக்க பயம். அதற்குக் கிடைத்த வழி இது. குவியலைத் திருத்தக்கூடாது. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஆறேழு சொல்லில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். எதையும் சொல்லாத பத்தி உடனே தெரிந்துவிடும். ஒரே விஷயத்தைச் சொல்லும் மூன்று பத்திகளும் தெரிந்துவிடும். அந்தக் குறிப்புகளை மட்டும் தனியே ஒரு தாளுக்கு எடுத்து வரிசை மாற்றினால், அதுதான் இயலின் எலும்புக்கூடு. முதலில் சட்டகம், பிறகு எழுத்து என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது தலைகீழாகத்தான் வேலை செய்கிறது. எழுதிய பிறகுதான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் கொஞ்சம் எழுதுங்கள். ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் எழுதத் திணறும் பேராசிரியர்களை வைத்து 1983-இல் வெளியிட்ட ஆய்வில், மனநிலை வரட்டும் என்று காத்திருந்தவர்களைவிட, வந்தாலும் வராவிட்டாலும் கால அட்டவணைப்படி எழுதியவர்களுக்குப் பக்கங்களும் கூடின, புதிய யோசனைகளும் கூடின. சின்ன ஆய்வுதான். ஆனால் என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது.

#11 | இரவுப்பணி

ஆய்வேடு, அந்த ஒரு வரிப் பதில் எப்படி வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. எட்டு மாதத்துக்குப் பிறகு திரும்பி வந்தீர்களே, அதுவே பெரிய காரியம்.

ஆனால் "தினமும் எழுதுங்கள்" என்பதோடு எனக்கு மனத்தாங்கல் உண்டு. நான் மருத்துவமனையில் சுழற்சிப் பணி. ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. வீட்டில் உடம்பு முடியாத ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இருக்கிறது. தினமும் காலை இத்தனை மணிக்கு என்ற வாழ்க்கை எனக்குக் கிடையாது. அந்த அறிவுரையைப் படித்த ஒவ்வொரு தடவையும் நான் எழுத்துக்கு லாயக்கில்லாதவள் என்றே நினைத்திருக்கிறேன். மூன்று நாள் விட்டுப்போனால், விட்டதே விட்டது என்று மூன்று வாரம் போய்விடும்.

எனக்கு உதவியது நேரத்தை அல்ல, ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டதுதான். "பணி முடிந்து சீருடை மாற்றியதும், உடைமாற்றும் அறைப் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் ஐந்து வரி." பகல் பணியோ இரவுப் பணியோ, சீருடையை மாற்றத்தான் போகிறேன். அப்போது எழுதுகிறேன். பெஞ்சில் உட்கார்ந்ததுமே கை கைபேசிக்குப் போய்விடுகிறது, எழுதலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வேலையே இல்லை.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1997-இல் வந்த அவர்களுடைய ஆய்வில் மாணவர்களுக்கு விடுமுறையில் ஒரு அறிக்கை எழுதும் வேலை. எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் குறித்த காலத்தில் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். தினமும் வேண்டாம். "இது நடந்தால் அது" என்று ஒரு முடிச்சு போட்டால் போதும்.

#12 | ஆய்வேடு

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. "தினமும்" என்ற சொல்லை நான் யோசிக்காமல் போட்டுவிட்டேன். காத்திருக்காமல் எழுதுவதுதான் அதில் முக்கியம், நாள் கணக்கு இல்லை.

#13 | நடுவரி

மொழிபெயர்ப்பு வேலையோடு சொந்தமாகச் சிறுகதைகளும் எழுதுகிறேன். எனக்கு ஒவ்வொரு நாளும் தொடங்குவதுதான் சித்திரவதையாக இருந்தது. ஒரு பழக்கம் அதை மாற்றியது. ஒரு பகுதியை முடித்துவிட்டு எழுந்திருப்பதில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கும்போதே, சில நாள் வாக்கியத்தின் நடுவிலேயே, நிறுத்திவிடுகிறேன். ஹெமிங்வேயும் 1958-இல் வந்த ஒரு பேட்டியில், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும் இடத்தில் நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் திறந்தால் "அவள் கதவைத் திறந்தபோது" என்று நிற்கும். மேலே எழுதாமல் இருக்கவே முடியாது. முடிக்காத வேலைதான் மனதில் அதிகம் நிற்கும் என்று சைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-லேயே காட்டியிருக்கிறார்.

#14 | ஆய்வேடு

நடுவரி, பழக்கம் அருமை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். முடிக்காத வேலை அதிகம் நினைவில் நிற்கும் என்பது பிற்காலச் சோதனைகளில் ஒரே மாதிரி உறுதியாகவில்லை. ஆனால் விட்ட வேலையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற உந்துதல் இருக்கிறதே, அது வலுவானது. அதைக் காட்டியவர் அதே காலத்தில் ஆராய்ந்த மரியா ஓவ்சியான்கினா. உங்கள் பாதி வாக்கியம் வேலை செய்வது அவருடைய கணக்கில்தான் வரும்.

#15 | நடுவரி

நன்றி, பெயரைக் குறித்துக்கொண்டேன்.

#16 | கல்தச்சன்

எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு ஐயம். வலியைக் குறைப்பது என்பதே தவறான இலக்கு இல்லையா? எழுத்து கஷ்டம்தான். கஷ்டப்பட்டு எழுதியதுதான் நிற்கும். ஐந்து நிமிடத்தில் தட்டியதை வால் மாற்றி வெளியிட்டால் இணையம் முழுக்க மேலோட்டமான எழுத்துதான் நிரம்பும். ஒரு சொல்லுக்காக ஒரு நாள் காத்திருந்தவன் நான். அந்தக் காத்திருப்பை இழக்க எனக்கு மனமில்லை.

#17 | சிவப்பு மை

கல்தச்சன், நீங்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஒரு சொல்லுக்காக ஒரு நாள் காத்திருப்பவர்களால்தான் மொழி நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் கஷ்டமும் வலியும் ஒன்றில்லை. நீங்கள் கல்லைச் செதுக்கும்போது கை அசந்து போகிறது. அது கஷ்டம். உளி ஒவ்வொரு தடவையும் விரலில் விழுந்தால் அது வலி. அதனால் சிலை அழகாகாது. வெற்றுத்தாள் "கொடைகளுள்" என்பதில் செலவழித்த காலையால் அந்தக் கட்டுரைக்கு ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அந்த வாக்கியமே கட்டுரையில் இருக்கப்போவதில்லை. எந்தச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று தெரிவதற்கே முதலில் ஒரு முழு வரைவு வேண்டும்.

வேகமும் ஆழமின்மையும் ஒன்று என்பதையும் நான் ஏற்கவில்லை. அந்தனி டிரொல்லோப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் கைக்கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதியவர். 47 நாவல்கள். இன்றும் படிக்கிறார்கள். அவரும் எழுதத் தொடங்கும்முன் முந்தைய நாள் எழுதியதை அரை மணி நேரம் படித்துவிட்டுத்தான் தொடங்குவாராம். அந்த அரை மணி நேரம்தான் எனக்கு அதில் பிடித்தது. உங்கள் காத்திருப்பை யாரும் பறிக்கவில்லை. அதை வரைவுக்குப் பின்னால் நகர்த்துங்கள் என்றுதான் சொல்கிறேன்.

#18 | கல்தச்சன்

யோசிக்கிறேன். கவிதைக்கு இது பொருந்தாது என்று இன்னும் நினைக்கிறேன். கட்டுரைக்குப் பொருந்தலாம்.

#19 | மணிக்கட்டு

தலைப்பில் வலி என்று பார்த்து உள்ளே வந்தேன். எனக்கு நிஜமான வலி, மணிக்கட்டில். இதையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் சுருக்கமாக: தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டு மேலேயும் கீழேயும் மடங்காமல் நேராக இருக்கட்டும், முழங்கை செங்கோணத்துக்குப் பக்கத்தில், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பார்த்தால் கண்ணுக்கு நல்லது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போனால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள், மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நெருக்குப்படுவதாக இருக்கலாம். நான் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். நாற்காலியின் உயரத்தை மாற்றிய பிறகுதான், இத்தனை நாள் எழுத்தின் மேல் வெறுப்பு என்று நான் நினைத்ததில் பாதி உடம்பு நோவு என்று தெரிந்தது.

#20 | வெற்றுத்தாள்

பதினொரு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இப்போது கட்டுரைக்கு இரண்டு கோப்புகள். ஒன்றின் பெயர் "பேச்சு", இன்னொன்று "எழுத்து". முதல் நாள் "பேச்சு" மட்டும்தான். தம்பி மகளுக்குச் சொல்வது போலத் தட்டுகிறேன். அவளுக்குப் பத்து வயது, "ஏன்?" என்று கேட்காமல் விடமாட்டாள். எண்ணோ ஆண்டோ ஞாபகம் இல்லாத இடத்தில் மூன்று உடுக்குறி போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு எண்ணைத் தேடப் போனால் ஒரு மணி நேரம் கழித்து வேறெங்கோ இருப்பேன். மறுநாள் காலைதான் "எழுத்து". அப்போது சோதிப்பவரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். அவருக்கு நிறைய வேலை இருக்கிறது, அவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்.

குரல்வழித் தட்டச்சையும் முயன்றேன். எனக்குச் சரிப்படவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் பேச வரவில்லை, பேசியதில் முற்றுப்புள்ளி போடுவது தனி வேலையாகிவிட்டது. கடிகாரமும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், நிழல்மரம் மன்னிக்கவும்.

ஒரு இடத்தில் பழைய வேதனை அப்படியே திரும்ப வந்தது. 4 டிகிரிக்குக் கீழே தண்ணீர் ஏன் விரிகிறது என்ற பத்தி. "பேச்சு" கோப்பிலேயே நின்றுவிட்டேன். இரண்டு மணி நேரம். எல்லா வித்தையும் செய்து பார்த்தேன், நகரவில்லை. அப்புறம்தான் புரிந்தது, எனக்கே அது தெரியாது. விரியும் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. பத்து வயதுப் பெண் அடுத்ததாக அதைத்தானே கேட்பாள்! எழுதுவதை மூடிவைத்துவிட்டுப் படித்தேன். உறையும்போது ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு மூலக்கூறுகளோடு கைகோத்து, நடுவில் வெற்றிடம் விட்டு, அறுகோணக் கூடாக நிற்கிறது. நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் கை நீட்டிக் கோத்து நின்றால் அதிக இடம் பிடிக்கும் அல்லவா, அப்படி. உறைவதற்குச் சற்று முன்பே இந்த ஏற்பாடு அங்கங்கே தொடங்கிவிடுவதால்தான் 4 டிகிரிக்குக் கீழே விரிவு. இது புரிந்ததும் அந்தப் பத்தி பத்து நிமிடத்தில் வந்தது.

ஆக, எனக்கு இரண்டு வகை நின்றுபோதல் இருந்திருக்கிறது. தெரிந்ததைச் சொல்லவிடாமல் நிறுத்துவது ஒன்று. தெரியாததால் நிற்பது இன்னொன்று. இத்தனை நாள் இரண்டையும் ஒன்றாக நினைத்து, இரண்டுக்கும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

முழுக் கட்டுரையும் மூன்று நாளில் நாலு மணி நேரத்துக்குள் முடிந்தது. கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஆனால் கடைசிப் பத்தியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். போர்வை போல மூடும் பனிக்கட்டி, அதன் அடியில் மீன் என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு "எனவே நீரின் அருமையை உணர்ந்து" என்று தொடங்கி ஆறு தடவை எழுதி ஆறு தடவையும் அழித்துவிட்டேன்.

#21 | இரவுப்பணி

நாலு மணி நேரம்! படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. தெரியாததால் நிற்பது என்று சொன்னீர்களே, என் பழைய குறிப்புகளில் இரண்டு மூன்று இடங்கள் உடனே ஞாபகம் வந்தன. இன்றைக்கே திறந்து பார்க்கிறேன்.

#22 | சிவப்பு மை

முன்னுரைக்குத் தனி மதிப்பெண் இருந்தது என்றீர்களே, முடிவுரைக்கும் இருந்திருக்குமே?

மீன் வரைக்கும் உள்ளதை அந்தப் பத்து வயதுப் பெண்ணிடம் படித்துக் காட்டுங்கள். நிறுத்தியதும் "அப்புறம்?" என்று கேட்கிறாளா, இல்லை மீனைப் பற்றிக் கேட்கிறாளா என்று பாருங்கள்.

#23 | வெற்றுத்தாள்

இருந்தது. ஐந்து மதிப்பெண்.

படித்துக் காட்டினேன். "அந்த மீனுக்குக் குளிராதா?" என்று கேட்டாள். "அப்புறம்" என்று கேட்கவே இல்லை. கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு அனுப்பிவிட்டேன். மீனுக்குக் குளிருமா என்பதைப் "பேச்சு" கோப்பில் தட்டத் தொடங்கியிருக்கிறேன்.